குப்புறப் படுத்தால் மூச்சு சீராகுமா?

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் காய்ச்சலும் இருமலும் வீடு வீடாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: வைரஸ் காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கி ஆக்சிஜன் குறையும்போது, நினைவோடு இருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது. 2021-ல் மத்திய சுகாதார அமைச்சகம் படம் போட்டு வெளியிட்ட தாள் இன்னும் பலருடைய கைப்பேசியில் இருக்கிறது. படம் நினைவிருக்கும் அளவுக்கு, யாருக்கு, எதுவரை என்ற விவரம் பலருக்கு நினைவில் இல்லை என்று கடிதங்களைப் படித்தால் தெரிகிறது. நுரையீரல் சிகிச்சையிலும் தீவிர சிகிச்சையிலும் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

வாசகி, நெல்லிக்குப்பம்: கொரோனா சமயத்தில் அப்பாவை ஆஸ்பத்திரியில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். 88 இருந்த ஆக்சிஜன் அரை மணி நேரத்தில் 94 ஆனது. மல்லாந்து திரும்பினால் மறுபடி இறங்கியது. மருந்து எதுவும் மாற்றவில்லை. வெறுமனே திரும்பிப் படுத்ததற்கு இவ்வளவு வித்தியாசமா?

வித்தியாசம் நிஜம்தான். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது இதயத்தின் எடை அந்தப் பகுதியின் மேல் விழுகிறது. வயிற்றிலுள்ள உறுப்புகள் உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையை) மேலே தள்ளி, அதே முதுகுப் பக்கத்தை இன்னும் நசுக்குகின்றன. நல்ல நுரையீரல் இதைத் தாங்கிக்கொள்ளும். வைரஸ் நிமோனியாவில் நுரையீரல் நீர் கோத்து, நனைந்த பஞ்சு மெத்தை மாதிரி கனத்துப் போயிருக்கும். மேல்பகுதியின் பாரமே கீழ்ப்பகுதியை அமுக்கி, அங்குள்ள காற்றுப் பைகளை மூடிவிடும்.

ரத்த ஓட்டமோ, எப்படிப் படுத்தாலும் பெரும்பாலும் முதுகுப் பக்கத்துக்கே போகிறது. ஆக, மல்லாந்து கிடப்பவருக்கு ரத்தம் போகும் இடத்தில் காற்று இல்லை. காற்று போகும் இடத்தில் ரத்தம் குறைவு. ஆக்சிஜனைத் தொடாமலேயே ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. குப்புறப் படுத்தால் இதயத்தின் பாரம் நெஞ்செலும்பின் மேல் போய்விடும். மூடிக்கிடந்த முதுகுப் பக்கப் பைகள் திறந்துகொள்ளும், அங்கே ஏற்கெனவே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மருந்தே மாற்றாமல் எண் ஏறுகிறது. சளி வடிவதும் சற்று எளிதாகும்.

ஆனால் நுரையீரலில் இருக்கும் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. மல்லாந்ததும் எண் இறங்கியதே, அதற்குக் காரணம் இதுதான். எண் ஏறினால் நோய் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்புக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. கீழே வரும் பதில்களில் பலவும் இந்த ஒரு விஷயத்தைச் சார்ந்தவைதான்.

வாசகர், புதுப்பாளையம், கடலூர்: எத்தனை தலையணை, எங்கே வைக்க வேண்டும்? படத்தைப் பார்த்துச் செய்தால் அம்மாவுக்குக் கழுத்து வலிக்கிறது, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். ஆஸ்பத்திரி கட்டிலில்தான் செய்கிறோம், நான்தான் உடன் இருக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் எழுவதற்குப் பெரும்பாலும் தலையணைதான் காரணம், நோய் அல்ல. அமைச்சகத் தாளின்படி கழுத்துக்கு ஒன்று, நெஞ்சிலிருந்து மேல் தொடை வரை ஒன்று அல்லது இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு, மொத்தம் நாலைந்து. இலவம்பஞ்சுத் தலையணை நல்லது. பஞ்சு போன்ற மெத்தென்ற ஃபைபர் தலையணை கால் மணி நேரத்தில் தட்டையாகிவிடும், பிறகு நெஞ்சு மெத்தையிலேயே படும். தலையணை போதவில்லை என்றால் போர்வையை இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் துணியால் கட்டிக்கொள்ளலாம். வீட்டில் செய்ய நேர்ந்தால் கயிற்றுக் கட்டில் வேண்டாம். நடுவில் தொய்ந்து இடுப்பு பள்ளத்தில் போய், வயிறு அமுங்கிவிடும்.

படுக்கும் முன்: சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். சட்டைப் பொத்தான், பின், பையிலுள்ள சாவி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராது. அதில் கோத்திருக்கும் ஊக்குகளை மட்டும் எடுத்துவிட்டு, கொடியை முதுகுப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். நெஞ்சுக்கும் தலையணைக்கும் நடுவே அது கிடந்தால் ஒரு மணி நேரத்தில் தோலில் தடம் பதிந்து புண்ணாகிவிடும். ஈ.சி.ஜி. ஒட்டுகள் நெஞ்சில் இருந்தால் செவிலியரிடம் சொல்லி முதுகுக்கோ விலாவுக்கோ மாற்றச் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் குழாய் உடம்புக்கு அடியில் போகாமல் தலைமாட்டு வழியாக வரட்டும். பை வைத்த மாஸ்க் போட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பை கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவே நசுங்கினால் ஆக்சிஜன் பாதிதான் போகும். பை கட்டிலின் ஓரமாகத் தொங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் உப்பியே இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சை இழுக்கும்போது பை முழுதாகச் சுருங்கிப்போனால் ஆக்சிஜன் வரும் அளவு (ஃபுளோ) போதவில்லை என்று பொருள்.

இனி தலையணை. நெஞ்சின் மேல்பகுதிக்குக் கீழே ஒன்று, இடுப்பெலும்புக்குக் கீழே ஒன்று. நடுவில் வயிறு சற்றுத் தொங்கும்படி இடம் விடுங்கள். தாளில் இருக்கும் படத்தில் நெஞ்சிலிருந்து தொடை வரை ஒரே சீராகத் தலையணை போவது மாதிரி தெரியும்; ஒல்லியானவருக்கு அது சரி, வயிறு உள்ளவருக்கு இப்படி இடைவெளி விடுவதுதான் சுகம். முழங்காலுக்குக் கீழே இரண்டு வைத்தால் கால் விரல்கள் மெத்தையில் குத்தாது.

கழுத்து வலி ஏன்? தொண்டைக்குக் கீழே தடிமனான தலையணை வைத்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு, நாலாக மடித்த துண்டைக் கன்னத்துக்குக் கீழே மட்டும் வையுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும், மூக்கும் வாயும் எதிலும் படக் கூடாது. எந்தப் பக்கம் முகமோ அந்தப் பக்கக் கையை முழங்கையில் மடக்கி முகத்துக்கு அருகே வைக்கலாம், தோளுக்கு மேலே தூக்கி நீட்டக் கூடாது. மறு கை உடம்போடு ஒட்டிக் கீழே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முகத்தையும் கையையும் மாற்றிக்கொள்ளட்டும். மூக்குக் குழாய் காதை அறுக்காமல், காதுக்குப் பின்னால் சிறு பஞ்சுத் துணி வையுங்கள்.

கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தச் சொன்னால் முகம் வீங்குவதும் எதுக்களிப்பதும் குறையும்.

திரும்பும் அந்த நிமிடத்தில் எண் இரண்டு மூன்று குறைவது சகஜம், பதற வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழைய இடத்துக்கோ அதற்கு மேலோ வர வேண்டும். வராவிட்டால், அல்லது மூச்சு முன்பைவிட வாங்கினால், உடனே எழுப்பி உட்காரவைத்துச் செவிலியரைக் கூப்பிடுங்கள். முதல் கால் மணி நேரம் பக்கத்தை விட்டு நகராதீர்கள். கூப்பிடும் மணியோ கைப்பேசியோ அம்மாவின் கைக்கு எட்டட்டும். "யாரும் இல்லை" என்ற பயத்தில்தான் பலர் எழுந்துவிடுகிறார்கள்.

வாசகர், வில்லியனூர்: 16 மணி நேரம் படுத்தால்தான் பலன் என்கிறார்கள். மாமாவால் இருபது நிமிடம்கூட முடியவில்லை. அப்படியானால் வீண்தானா?

16 மணி நேரம் என்ற எண் வந்தது வென்டிலேட்டரில் மயக்க நிலையில் இருந்தவர்களிடமிருந்து. 2013-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், கடுமையான நுரையீரல் பாதிப்போடு வென்டிலேட்டரில் இருந்த 466 பேரில், நீண்ட நேரம் குப்புறக் கிடத்தப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதம். "குப்புறப் படுத்தால் சாவு பாதியாகும்" என்று பரவிய செய்திக்கு மூலம் இது. நினைவோடு இருப்பவருக்கு இந்தக் கணக்கை அப்படியே ஒட்டிச் சொல்வது சரியில்லை.

நினைவோடு இருப்பவர்களுக்கான பெரிய ஆய்வு 2021-ல் வந்தது. ஆறு நாடுகளில், அதிவேக ஆக்சிஜனில் (மூக்குக் குழாய் வழியாக அதிக அளவில் வேகமாகச் செலுத்துவது) இருந்த சுமார் 1,120 கொரோனா நோயாளிகள். 28 நாளுக்குள் வென்டிலேட்டர் குழாய் போடவேண்டி வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து, குப்புறப் படுத்தவர்களில் 40 சதவீதம், மற்றவர்களில் 46 சதவீதம். குழாய் போடுவது குறைந்தது. இறப்பு மட்டும் தனியாகப் பார்த்தால் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. 2022-ல் 400 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் குழாய் போட்டவர்கள் குப்புறப் படுத்தவர்களில் 34 சதவீதம், மற்றவர்களில் 40 சதவீதம் என்று அதே திசையில்தான் போனது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆக, பலன் உண்டு, அதிசயம் அல்ல.

நேரத்தைப் பொறுத்தவரை, ஆறு நாடுகளில் நடந்த அந்த 2021 ஆய்வில் ஒரு நாளில் 8 மணி நேரமாவது படுத்தவர்களுக்குப் பலன் அதிகம் தெரிந்தது. அதிலும் ஒரு சந்தேகம் உண்டு: நோய் குறைவாக இருப்பவரால்தான் அதிக நேரம் படுக்க முடியும் அல்லவா? ஆனாலும் எட்டை இலக்காக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஒரே மூச்சில் வேண்டாம், நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம்.

மாமா இருபது நிமிடத்திலிருந்து தொடங்கட்டும். குப்புற, பிறகு வலப்பக்கம் ஒருக்களித்து, பிறகு முதுகுக்கு முட்டுக்கொடுத்து 60 முதல் 90 டிகிரி வரை நிமிர்ந்து உட்கார்ந்து, பிறகு இடப்பக்கம், மறுபடி குப்புற. ஒவ்வொன்றும் அரை மணி முதல் இரண்டு மணி வரை. எது வேண்டுமானாலும் மாறலாம், மல்லாந்து தட்டையாகக் கிடப்பது மட்டும் குறைய வேண்டும். முழுதாகக் கவிழ முடியாதவர்கள் ஒரு முழங்காலை மடக்கி, நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்து முக்கால்வாசி கவிழ்ந்தாலும் சரி. இரவுத் தூக்கத்தில் இரண்டு மணி நேரம் குப்புறக் கிடைத்தால் அது பெரிய லாபம். தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மூச்சுத் திணறுபவருக்கு அது ஆபத்து.

வாசகர், பண்ருட்டி: மூன்று நாளாகக் காய்ச்சல். ஆக்சிஜன் 97. முன்னெச்சரிக்கையாகக் குப்புறப் படுக்கலாமா?

தேவையில்லை. 94-க்குக் கீழே போனால்தான் இந்தப் பேச்சு. உங்களுக்கு வேண்டியது ஓய்வு, தண்ணீர், காய்ச்சலுக்கு மாத்திரை, நாளுக்கு மூன்று நான்கு முறை ஆக்சிஜன் பார்ப்பது. வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்துவிட்டுப் பார்க்கும்போது மூன்றோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

வாசகி, முத்தியால்பேட்டை: எங்கள் மீட்டர் 91 காட்டுகிறது, பக்கத்து வீட்டு மீட்டர் 95. எதை நம்புவது? விரலில் மருதாணி இருக்கிறது.

மருதாணி ஏறிய நகத்தில் கருவியின் ஒளி சரியாக ஊடுருவாமல் போகலாம், மருதாணி படாத விரலில் வையுங்கள். அப்படி ஒரு விரல் இரண்டு கையிலும் இல்லை என்றால் காது மடலிலோ கால் விரலிலோ வைக்கும் கருவி மருத்துவமனையில் இருக்கும். நகப்பூச்சை அழியுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, கையை அசைக்காமல் ஒரு நிமிடம் வரை பாருங்கள். முதலில் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, நிலைத்து நிற்கும் எண்ணை எழுதுங்கள். கூடவே காட்டும் நாடித்துடிப்பு, நீங்கள் மணிக்கட்டில் எண்ணுவதோடு ஒத்துப்போகாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

நல்ல கருவியிலேயே இரண்டு மூன்று முன்னே பின்னே இருக்கும். கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் பழக்கமும் இந்தக் கருவிகளுக்கு உண்டு. நம் ஊரில் இதை நினைவில் வைத்தே ஆக வேண்டும்: 93 என்று காட்டும்போது உள்ளே 90 இருக்கலாம்.

கருவி தேவையில்லாத ஒரு சோதனை, மூச்சை எண்ணுவது. அவருக்குத் தெரியாமல் வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். தெரிந்தால் மூச்சை மாற்றி விடுவார். நாடி பார்ப்பது மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் தெரியாது. பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவமனை, 30-ஐத் தொட்டால் அந்த நிமிடமே. வைரஸ் நிமோனியாவில் சிலர் 85-ல்கூடச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களை மூச்சின் வேகம்தான் காட்டிக்கொடுக்கும். உங்கள் விஷயத்தில் இப்போதைக்குக் குறைந்த எண்ணையே நம்பி, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாசகர், குறிஞ்சிப்பாடி: ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். வாடகைக்கு கான்சன்ட்ரேட்டரும் ஒரு சிலிண்டரும் எடுத்து, குப்புறப் படுக்கவைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். புதிதாக வந்த வைரஸ் காய்ச்சலில் ஒருவருக்கு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்றாலே அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை. வீட்டில் ஆக்சிஜன் கொடுப்பது ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும், படுக்கை கிடைக்கும்வரைக்கும் மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். சிறிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் 5 மணி நேரம், 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி. பெரிய டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். 10 லிட்டரில் 11 மணி 40 நிமிடம். இதுவும் முழுதாக நிரம்பியிருந்தால்தான். அளவுமானியின் முள் ஏறத்தாழ 150-ல் நின்றால் நிறைவு, 75 என்றால் பாதி. வாடகைக்கு வருவது பல நேரம் பாதிதான், வாங்கும்போதே முள்ளைப் பாருங்கள்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்தான் கான்சன்ட்ரேட்டர். 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் தருவது 90 முதல் 96 சதவீத ஆக்சிஜன். நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் தேவைப்பட்டால் அந்த இயந்திரத்தால் ஆகாது. அது 350 வாட் அளவில் மின்சாரம் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு பேட்டரி இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடலாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூர்க் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாததை உங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் கேட்பதும் அதே மழைக்காலத்தில்.

வண்டி வரும்வரை ஆக்சிஜன் கொடுப்பதானால்: மூக்குக் குழாயில் 5 லிட்டருக்கு மேல் வைத்தால் மூக்கு வறண்டு எரியும். சாதாரண மாஸ்க்கை 5 லிட்டருக்குக் குறைத்து வைக்காதீர்கள். விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை வைத்த மாஸ்க்குக்கு 10 முதல் 15 லிட்டர் வேண்டும். எண் 92-க்கும் 96-க்கும் நடுவே நின்றால் போதும். சிலிண்டர் வால்வை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி மூன்றும் அந்த அறைக்கு வெளியே. மூக்கு வறண்டால் வாசலின் தடவாமல், தண்ணீரில் கரையும் ஜெல் கேளுங்கள்.

ஆக்சிஜன் 90-க்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலம், குழம்பிய பேச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கம் — இதில் ஒன்று இருந்தாலும் 108. ஆம்புலன்ஸில் குப்புறப் படுக்கவைத்துக் கொண்டுபோகச் சொல்லி ஊழியர்களோடு வாதாடாதீர்கள். ஸ்ட்ரெச்சரில் பெல்ட் போட்டுச் சாய்ந்து உட்காரவைப்பதுதான் ஓடும் வண்டியில் பாதுகாப்பு.

செவிலியர் மாணவி, லாஸ்பேட்டை: வார்டில் அதிவேக ஆக்சிஜனில் இருப்பவரைக் குப்புறப் படுக்கவைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எப்போது நிறுத்துவது?

அதிவேக மூக்குக் குழாயில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 40 முதல் 60 லிட்டர், வெப்பம் 37 டிகிரி வரை. ஆக்சிஜன் சதவீதத்தை 92-96 இலக்குக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்போம். குப்புறத் திருப்பும்போது பலர் மறப்பது குழாயில் தேங்கியிருக்கும் நீரை. முகம் தாழ்ந்ததும் அந்த வெந்நீர் மூக்குக்குள் ஓடும், நோயாளி திணறிப்போய் இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்பார். திருப்பும் முன் நீரை வடித்துவிடுங்கள், குழாயின் நடுப்பகுதி முகத்தைவிடத் தாழ்ந்தே இருக்கட்டும். திருப்புவதற்குச் சில நிமிடம் முன் ஆக்சிஜன் சதவீதத்தைக் கூட்டி, நிலைத்ததும் இறக்குங்கள். சலைன் ஊசி, சிறுநீர்க் குழாய் எல்லாம் எந்தப் பக்கம் இழுபடும் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு முறையும் எழுதவேண்டியவை: மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், நாடி, ரத்த அழுத்தம், கழுத்துத் தசை இழுக்கிறதா, பேச்சு தெளிவா. நெற்றி, கன்னம், காது, முகவாய், மார்பு, இடுப்பெலும்பு, முழங்கால், கால் விரல் — இவை அழுத்தப் புண் வரும் இடங்கள்.

அதிவேக ஆக்சிஜனே போதுமா, வென்டிலேட்டர் குழாய் போடவேண்டி வருமா என்று கணிக்க ராக்ஸ் என்ற குறியீடு உதவும். ஆக்சிஜன் அளவை, கொடுக்கும் ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து, வந்ததை மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 92 காட்டுகிறது, 60 சதவீதம் கொடுக்கிறோம், மூச்சு 28: 92-ஐ 0.6-ஆல் வகுத்தால் 153, அதை 28-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.5. நிமோனியா நோயாளிகளிடம் 2, 6, 12-ஆம் மணி நேரங்களில் 4.88-ம் அதற்கு மேலும் இருந்தால் குழாய் போடும் வாய்ப்பு குறைவு என்று கண்டிருக்கிறார்கள். இரண்டாம் மணியில் 2.85-க்கும், ஆறில் 3.47-க்கும், பன்னிரண்டில் 3.85-க்கும் கீழே போனால் ஆபத்து அதிகம். ஒருவருக்கு 90, விகிதம் 0.8, மூச்சு 32 என்றால் 3.5. அது ஆறாம் மணி என்றால் விளிம்பில் நிற்கிறார், ஐ.சி.யூ. மருத்துவருக்கு அப்போதே சொல்லவேண்டிய நிலை.

இதில் ஒரு பொறி உண்டு. குப்புறப் படுத்ததும் ஆக்சிஜன் ஏறும், ராக்ஸும் அழகாகத் தெரியும். மூச்சு மட்டும் 34-லேயே இருக்கும். எண்ணைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாகிவிட, அவர் மணிக்கணக்கில் பலமாக இழுத்து இழுத்துத் தன் நுரையீரலைத் தானே காயப்படுத்திக்கொண்டிருப்பார். கடைசியில் குழாய் போடும்போது ரத்த அழுத்தம் விழுந்து, நிலைமை கைமீறும். இந்த முறையில் நடக்கும் தீங்குகளிலேயே மோசமானது தாமதம்தான். எனவே மூச்சு 35-ஐத் தாண்டி நிற்பது, கழுத்துத் தசை விடாமல் இழுப்பது, 90-க்குக் கீழே போன எண் திரும்பாமை, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ் போவது, மயக்கமோ குழப்பமோ: இதில் எது வந்தாலும் நிமிர்த்தி உட்காரவைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். "இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்" என்பது இங்கே நல்ல யோசனை அல்ல.

வாசகர், பரங்கிப்பேட்டை: மனைவி ஏழாம் மாத கர்ப்பிணி. ஃபுளூ நிமோனியாவில் ஜிப்மரில் இருக்கிறார். குப்புறப் படுக்கக் கூடாதுதானே?

வீட்டில் கூடாது. அமைச்சகத் தாளும் கர்ப்பிணிகளைத் தவிர்க்கவே சொல்கிறது. மருத்துவமனையில், வயிற்றில் பாரம் விழாதபடி நெஞ்சுக்கும் இடுப்புக்கும் முட்டுக்கொடுத்து, குழந்தையின் இதயத்துடிப்பையும் கவனித்தபடி செய்வதுண்டு. அது மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு. மற்ற நேரங்களில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆக்சிஜன் இலக்கும் சற்று உயர்வு, 95-க்குக் குறையாமல் வைக்கப் பார்ப்பார்கள்.

காலில் ரத்தம் உறைந்து சிகிச்சை தொடங்கி 48 மணி நேரம் ஆகாதவர்கள், பெரிய இதய நோய் உள்ளவர்கள், முதுகெலும்பு, இடுப்பெலும்பு, தொடையெலும்பு முறிவு உள்ளவர்கள் — இவர்களும் தாங்களாகக் குப்புறப் படுக்கக் கூடாதவர்கள்.

வாசகி, திருப்பாதிரிப்புலியூர்: கணவர் 110 கிலோ. தொப்பை காரணமாகக் குப்புற முடியாது என்று வார்டில் விட்டுவிட்டார்கள்.

உடல் பருத்தவருக்கு வயிறு உதரவிதானத்தை அதிகம் தள்ளுவதால், திரும்பினால் கிடைக்கும் பலனும் சில நேரம் அதிகம். மறுபடி கேட்டுப் பாருங்கள். நெஞ்சுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு தலையணை வைத்து வயிற்றைத் தொங்கவிட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். திருப்ப இரண்டு பேர் தேவை. இருபது நிமிடம் முயன்றும் ஒத்துவரவில்லை என்றால் முக்கால்வாசி கவிழ்ந்த நிலை. அதுவும் முடியாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே மேசையில் தலையணை வைத்து அதன்மேல் கவிழ்ந்து சாயலாம். மூச்சு வாங்குவது தணியும், குப்புறப் படுப்பதற்கு இது முழு ஈடாகாது.

வாசகர், அரியாங்குப்பம்: டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரம். வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போய் எரிகிறது. சுண்டு விரலும் மரக்கிறது. நரம்பு போய்விட்டதா?

தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனை ஓரமாக வருகிறது. தலையணையின் ஓரம் அந்த இடத்தில் அழுத்தியிருக்கும். சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால், முழங்கையின் உட்பக்கம் மெத்தையில் அழுந்திய நரம்பு. இரண்டும் பெரும்பாலும் வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானே சரியாகும். இறுக்கமான பெல்ட், லுங்கியை இடுப்பில் இறுக்கிச் செருகுவது, முழங்கையை மேசையில் ஊன்றுவது இவற்றை விடுங்கள். சர்க்கரை அளவைப் பாருங்கள். கை பிடிமானம் குறைந்தாலோ, தோளைத் தூக்க முடியாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

வாசகி, பாகூர்: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி, மூச்சிரைப்பு. குப்புறப் போடலாமா?

கூடாது. கண்காணிப்புக் கருவி இல்லாமல் கைக்குழந்தையைக் குப்புறத் தூங்கவைப்பது திடீர் மரணத்துக்கு வழி. விலா உள்ளே இழுத்தாலோ, நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

வாசகர், மஞ்சக்குப்பம்: 2021-ல் வாங்கிய டெக்ஸாமெதசோன் மாத்திரை மிச்சம் இருக்கிறது. ஆக்சிஜன் 95. அதையும் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்தால் சீக்கிரம் சரியாகுமா?

அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். 2020-ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், தினம் 6 மி.கி. வீதம் 10 நாள் வரை கொடுத்தபோது ஆக்சிஜனிலும் வென்டிலேட்டரிலும் இருந்த கொரோனா நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. இது ஒரு ஸ்டீராய்டு, சர்க்கரையை ஏற்றும், கருப்புப் பூஞ்சை நம் ஊரில் எப்படிப் பரவியது என்பது மறந்திருக்காது. உங்களுக்கு வந்திருப்பது ஃபுளூ என்றால் ஸ்டீராய்டு கெடுதலே செய்யலாம். ஃபுளூவுக்கு ஒசெல்டாமிவிர் 75 மி.கி. காலை, இரவு, ஐந்து நாள், முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. அதையும் மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

வாசகி, மரக்காணம்: அண்ணனுக்கு வெகுகாலமாகப் புகைப்பழக்கம், மூச்சுக்குழாய் நோய். இப்போது காய்ச்சல். எண் 90. எங்கே வைத்திருக்க வேண்டும்?

நாள்பட்ட புகை நுரையீரல் உள்ளவருக்கு இலக்கு 88 முதல் 92. அதற்கு மேல் ஆக்சிஜனை ஏற்றினால் கரியமில வாயு தேங்கி மயங்கிவிடலாம். எண் 90 அவருக்கு வழக்கமானதா, புதிதா என்பதுதான் கேள்வி. பழைய சீட்டில் எழுதியிருக்கும், எடுத்துக்கொண்டு போங்கள்.

வாசகர், கிருமாம்பாக்கம்: வீட்டுக்கு வந்துவிட்டேன், ஆக்சிஜன் இல்லாமலே 96. இன்னும் குப்புறத்தான் படுக்க வேண்டுமா?

வேண்டாம், இஷ்டம்போல் படுங்கள். ஒரு வாரத்துக்கு நடந்தபின் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து வாருங்கள். நான்குக்கு மேல் இறங்கினாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.